ஒரே போன், பல கைகள்: விளையாட்டு ஆப்பிலும் ஆன்லைன் கடையிலும் பணம் போகும் வழியை அடைப்பது எப்படி

கோடை லீவு விட்டதும் திருநெல்வேலி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு போன் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். பெரும்பாலும் அது அம்மாவின் போன். பீடிக்கூலி விழுகிற கணக்கு, வளைகுடாவிலிருந்து அப்பா அனுப்பும் பணம், ஆச்சியின் பென்ஷன் எல்லாம் அதே போனில்தான் இருக்கும். குழந்தைக்குத் தனி போன், தனிக் கணக்கு உண்டு என்று நினைத்துச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே பாதிக்கு மேல் உதவாது. கீழே இருப்பது ஒரே போனைப் பலர் புழங்கும் வீட்டுக்கானது.

ஆசை வருவதற்கும் காசு போவதற்கும் நடுவே முன்பெல்லாம் பல தடைகள் இருந்தன. பர்ஸைத் திறக்க வேண்டும், நோட்டை எண்ண வேண்டும், கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். விளையாட்டு ஆப்பும் கடை ஆப்பும் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒரு தொடுதலை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன. புத்திமதி சொல்லி இதைச் சமாளிக்க முடியாது. எடுத்த தடைகளைத் திரும்ப வைக்க வேண்டும். அதனால் பூட்டு முதலில், தந்திரங்களின் விளக்கம் பிறகு.

கணக்கு எடுப்பது

பூட்டுவதற்கு முன் எங்கே ஓட்டை என்று தெரிய வேண்டும். ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள படத்தைத் தொட்டு, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய், ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’ பாருங்கள். விளையாட்டுக்குள் வாங்கியது ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கும். வங்கிப் பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் போதாது. அதில் கூகுளின் பெயர் வரும், எந்த விளையாட்டு என்று வராது. அடுத்து யுபிஐ ஆப்பின் வரலாறு, கடை ஆப்புகளின் ‘மை ஆர்டர்ஸ்’. மூன்று மாதம் பின்னால் போனால் போதும்.

ஒரு நோட்டில் தேதி, தொகை, மணி என்று எழுதுங்கள். மணியை விட்டுவிடாதீர்கள். ஒரே இரவில் அரைமணிக்குள் நாலைந்து சிறு தொகை போயிருந்தால் அது விளையாட்டில் தோற்று, திரும்பத் திரும்ப முயன்ற தடம். மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போயிருந்தால் அது சந்தா. இரண்டுக்கும் மருந்து வேறு.

பூட்டு போடுவது

ப்ளே ஸ்டோரில் அதே படத்தைத் தொட்டு, ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்’ என்று இருக்கும். பழைய போனில் ‘ஆத்தென்டிகேஷன்’ என்று இருக்கலாம். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை என்ற தேர்வு இருந்தால் அதை எடுக்காதீர்கள். ஒருமுறை நீங்கள் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தபின் அந்த அரைமணி நேரமும் கதவு திறந்தேதான் கிடக்கும்.

இங்கே பல வீடுகளில் சறுக்குவது கைரேகையில். பிள்ளை அடிக்கடி போனைத் திறந்து தரச் சொல்கிறதே என்று அதன் விரலையும் போனில் பதிந்து வைத்திருப்பார்கள். அந்த விரலே ப்ளே ஸ்டோரில் பணம் கட்டவும் ஒப்புதலாகிவிடும். ஒன்று, பிள்ளையின் ரேகையை நீக்குங்கள். அல்லது ப்ளே ஸ்டோரில் மட்டும் கைரேகையை அணைத்து, கூகுள் கணக்கின் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல்தான் நமக்கு வேண்டிய தடை.

முன்பு பார்த்த ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’ பக்கத்தில் மாத பட்ஜெட் போடும் வசதியும் உண்டு. 200 ரூபாய் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது தாண்டும்போது எச்சரிக்கை காட்டுமே தவிர, பணம் போவதை நிறுத்தாது. ‘பேமெண்ட் மெத்தட்ஸ்’ போய், சேமித்து வைத்த கார்டையும் யுபிஐ முகவரியையும் நீக்கிவிடுவது அதைவிட நல்லது. பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு இருந்தால் ‘ஃபேமிலி லிங்க்’ வழியாக ஒவ்வொரு வாங்கலுக்கும் பெற்றோர் அனுமதி கேட்க வைக்கலாம். ஆனால் அம்மாவின் கணக்கிலேயே பிள்ளை விளையாடினால் ஃபேமிலி லிங்க் ஒன்றும் செய்யாது. ஐபோன் என்றால் ‘ஸ்கிரீன் டைம்’ உள்ளே ‘கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ போய், ‘இன்-ஆப் பர்ச்சேசஸ்’ என்பதை அனுமதிக்காதபடி வைத்தால் கதை முடிந்தது.

யுபிஐ பக்கம் மூன்று வேலை.

முதலாவது, யுபிஐ லைட். இதில் 1,000 ரூபாய் வரை பின் எண் கேட்காமலேயே போகும். ஒரு நேரத்தில் 5,000 வரை அதில் போட்டு வைக்கலாம். பால் வாங்க, பஸ்ஸுக்குக் கொடுக்க வசதிதான். பிள்ளை கையில் புழங்கும் போனில் வேண்டாம், மூடிவிடுங்கள். மீதிப் பணம் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும்.

இரண்டாவது, ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி. யுபிஐ ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்ஸ்’ இருக்கும். ‘ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் பார்க்கலாம்’ என்று வரும் ஆப்புகள் அந்த ஒரு ரூபாயை வாங்கும்போதே பெரிய தொகைக்கு நிரந்தர அனுமதியையும் வாங்கிக்கொள்ளும். முதல் முறை பின் போட்டபின், பொதுவாக 15,000 ரூபாய் வரையுள்ள தொகைக்கு மறுபடி பின் கேட்காது. ஒவ்வொரு மேண்டேட்டிலும் உச்சத் தொகை, எத்தனை நாளுக்கொருமுறை, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் பாருங்கள். தெரியாததை ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விளம்பரக் குப்பையோடு அதையும் சேர்த்து அழித்துவிடுகிறோம். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தாவை ப்ளே ஸ்டோரிலோ யுபிஐ ஆப்பிலோ தனியாக ரத்து செய்ய வேண்டும்.

மூன்றாவது, பின். கண் தெரியாத ஆச்சிக்குப் பேரன்தான் பணம் அனுப்பித் தருவான், பின் அவனுக்கு மனப்பாடம். அவனைத் திருடன் மாதிரி பார்க்க வேண்டியதில்லை, ஏற்பாட்டை மாற்றினால் போதும். பென்ஷனும் கூலியும் விழும் கணக்கை யுபிஐயில் இருந்து கழற்றிவிட்டு, வேறொரு சிறு கணக்கில் ஒரு வாரச் செலவுக்கு உள்ளதை மட்டும் போட்டு அதை இணையுங்கள். போனால் அதோடு போகும். பிள்ளை கொஞ்சம் பெரியது, அதற்கென்று போன் இருக்கிறது என்றால், உங்கள் கணக்கிலிருந்து பிள்ளை தன் போனில் பணம் கட்ட வழி செய்யும் ‘யுபிஐ சர்க்கிள்’ பயன்படும். அதில் பகுதி அனுமதி என்ற முறையில் பிள்ளை கேட்கும், நீங்கள் பின் போட்டால்தான் பணம் போகும். முழு அனுமதி முறையில் மாதம் 15,000 வரை உங்களைக் கேட்காமல் போகலாம் என்பதால் அது வேண்டாம்.

விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது

பூட்டு போட்டபின் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாட்டைத் திறந்து, கீழே உள்ளவற்றை அதிலேயே தேடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். தன்னை ஏமாற்றும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குஷி உண்டு.

ரூபாயை மறைப்பது முதல் வேலை. வைரம், யுசி, காயின் என்று வேறு பணமாக மாற்றிவிட்டால் செலவு செலவாகத் தெரியாது. அதற்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கும். ஒரு விளையாட்டில் 80 காயின் 89 ரூபாய், 400 காயின் 449, 1,000 காயின் 899 என்று வைத்துக்கொள்வோம். காயினுக்கு விலை போட்டால் முதலாவது 1 ரூபாய் 11 பைசா, நடுவில் உள்ளது 1 ரூபாய் 12 பைசா, கடைசி 90 பைசா. நடுவில் உள்ளதை யாரும் வாங்க வேண்டும் என்பதற்காக வைக்கவில்லை. அதன் பக்கத்தில் 899 மலிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இனி, வேண்டிய உடுப்பு 450 காயின் என்றால் 400-ம் 80-ம் சேர்த்து 538 ரூபாய்க்கு வாங்க வேண்டும். 30 காயின் மிஞ்சும். அந்த 30 வீணாகிறதே என்ற எண்ணம் அடுத்த முறை வாங்க வைக்கும். பிள்ளை கையில் கால்குலேட்டரைக் கொடுத்து ‘ஒரு காயின் எவ்வளவு’ என்று போடச் சொல்லுங்கள். உடுப்பின் விலையை ரூபாயில் தாளில் எழுதச் சொல்லுங்கள். பாதி ஆசை அங்கேயே போய்விடும்.

அடுத்தது பெட்டி திறப்பது, சக்கரம் சுற்றுவது. எப்போது பரிசு வரும் என்று தெரியாமல் இருந்தால் மனம் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே காட்டிவிட்டார். பரிசு ஒழுங்காக வந்தால் புறா நிறுத்தி நிறுத்திக் கொத்தும். எண்ணிக்கை தெரியாமல் வந்தால் கொத்திக்கொண்டே இருக்கும். ஒரு பொருள் கிடைக்க 1 சதவீத வாய்ப்பு என்றால் நூறு முறை சுற்றினால் கிடைத்துவிடும் என்றுதான் பெரியவர்களும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை சுற்றினால் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு இருப்பார்கள். ஒரு சுற்று 20 ரூபாய் என்றால் அந்த 37 பேரும் ஆளுக்கு 2,000 கொடுத்திருப்பார்கள். இந்த வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று ஆப்பிள் 2017-லும் கூகுள் 2019-லும் விதி போட்டன. சக்கரத்தின் ஓரத்தில் கேள்விக்குறியோ ஆங்கில ‘i’ எழுத்தோ சின்னதாக இருக்கும். தொட்டுப் பாருங்கள், சதவீதம் வரும். பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

உயிர் தீர்ந்துபோவது இன்னொன்று. கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர், ஒன்று திரும்ப வர 30 நிமிடம். இதில் காத்திருப்பைத்தான் விற்கிறார்கள். கையில் வந்தது நழுவும் வலி, அதே அளவு ஒன்று கிடைக்கும் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்று 1979-ல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். ‘இன்னும் மூன்றே நகர்வில் ஜெயித்திருப்பாய், 10 காயினுக்குத் தொடரலாமா’ என்ற கேள்வி அந்த வலியின் மேல்தான் கை வைக்கிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உயிர் தீரும் நேரத்தையே நிறுத்தும் நேரமாக வைத்துக்கொள்வது. ஐந்து உயிர் போனதும் போன் அலமாரிக்குப் போக வேண்டும். ‘ஒரு மணி நேரம்தான்’ என்று நாம் சொல்வதைவிட இது சண்டையில்லாமல் நடக்கும். நிறுத்தியது விளையாட்டு, அம்மா இல்லையே.

தினமும் வந்தால் பரிசு என்ற தொடர் வருகையும், பாதி நிரம்பிய கோடும் ஒரே வகை. நூனெஸ், ட்ரேஸ் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கார் கழுவும் கடையில் இரண்டு வித அட்டை கொடுத்தார்கள். ஒன்றில் எட்டு முத்திரை வேண்டும். இன்னொன்றில் பத்து வேண்டும், ஆனால் இரண்டு முன்பே குத்தியிருக்கும். இரண்டிலும் எட்டு முறைதான் வர வேண்டும். ஆனாலும் முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம். விளையாட்டில் சேர்ந்த முதல் நாளே ‘20% முடிந்தது’ என்று காட்டுவது இதனால்தான். வேண்டுமென்றே ஒருநாள் அந்தத் தொடரை அறுத்துவிடச் சொல்லுங்கள். முதல் அறுப்பு கஷ்டம், பிறகு அதன் மேல் பிடிப்பு குறைந்துவிடும். கூடவே அந்த ஆப்பின் அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் அணைக்கும் வழி வரும்.

பொத்தானின் இடத்தையும் பாருங்கள். ஃபோர்ட்நைட் விளையாட்டில் ஒரே அழுத்தலில் வாங்கிவிடும்படி பொத்தான்கள் அமைத்திருந்ததற்காகவும், பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி வாங்க விட்டதற்காகவும், 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

காசு வைத்து ஆடும் ரம்மி, போக்கர் வகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. ஆடியவரைத் தண்டிக்கும் சட்டம் அல்ல அது. அதனால் பணம் இழந்தவர் புகார் கொடுக்கப் பயப்பட வேண்டாம். இன்றைக்கு யாராவது டெலிகிராமில் லிங்க் அனுப்பி ஆடச் சொன்னால் அது சட்டத்துக்கு வெளியே நடப்பது.

கடை ஆப்பில்

அண்ணாச்சி கடையில் கொசுறு கிடைக்கும், ஆனால் அதற்காக இரண்டு கிலோ அதிகம் வாங்கு என்று அண்ணாச்சி சொல்ல மாட்டார். கடை ஆப்பின் இலவச டெலிவரி அதைச் சொல்கிறது. கூடையில் 420 ரூபாய்ச் சாமான், டெலிவரி 40, ஆக 460. ‘499-க்கு மேல் இலவசம்’ என்று பார்த்து 99 ரூபாய்க்கு ஒரு டப்பா சேர்த்தால் 519. நாற்பதை மிச்சம் பிடிக்க 59 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறோம். அந்த டப்பா வீட்டுக்கு முன்பே தேவைப்பட்டதா என்பது ஒன்றுதான் கேள்வி.

அடித்துப் போட்ட விலையைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். 1,999 அடித்து 599 என்று போட்டிருந்தால் மனம் 1,999-ல் இருந்துதான் கணக்குப் போடும். 599 என்று மட்டும் போட்டிருந்தால் வாங்குவீர்களா? புடவை, சட்டை என்றால் டவுன் ரத வீதிக் கடைகளில் அதே தொகைக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும், தொட்டும் பார்க்கலாம். எண்ணெய், சோப்பு, பருப்பு என்றால் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போடுங்கள். ஆப்பில் வரும் பாக்கெட் பல நேரம் 180 கிராம், 430 மில்லி என்று ஒப்பிட முடியாத அளவில் இருக்கும்.

‘இன்னும் 12 நிமிடம்’, ‘மூன்றே மீதம்’ இரண்டையும் சோதிக்கலாம். அதே பொருளைப் பக்கத்து வீட்டுப் போனில் திறந்து பாருங்கள், கடிகாரம் வேறு நேரம் காட்டினால் அது வெறும் படம். ‘மூன்றே மீதம்’ என்பது பெரும்பாலும் அந்த விற்பனையாளரிடம் அந்த அளவில் அந்த நிறத்தில் மட்டும். பொய் அவசரம், கேட்காமல் கூடைக்குள் சாமான் நுழைப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்தும் பொத்தான், கடைசிப் படியில் கட்டணம் ஏற்றுவது, வெளியேற முடியாத சந்தா உட்பட 13 வகையை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் தடை செய்தது. ஆக, காப்பீடோ நன்கொடையோ தானாக டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட்டுப் பணம் கட்டுவதோடு நிற்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.

ஒரு நாள் காத்திருந்து வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பொருளை ஆப்பின் கூடையிலோ விருப்பப் பட்டியலிலோ வைத்துவிட்டுக் காத்திருந்தால், ‘உங்கள் பொருள் தீரப்போகிறது’ என்று ஆப் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். காத்திருப்பை ஆப்புக்கு வெளியே வையுங்கள். சுவரில் தொங்கும் தினக் காலண்டரின் அட்டையில் பொருள், விலை, தேதி எழுதி ஒட்டுங்கள். தீபாவளி விற்பனைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இப்படி எழுதி, அன்றைய விலையையும் படம் எடுத்து வைத்தால், தள்ளுபடி உண்மையா இல்லையா என்று விற்பனை நாளில் தெரிந்துவிடும்.

அந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. யாரும் கேட்காத பார்சலைக் கொண்டுவந்து 499 கொடு, 799 கொடு என்று வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது ஆச்சிதான். ‘தாள்ல இருந்தா காசு குடுங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பிருங்க’ என்று சொல்லி வைத்தால் போதும்.

கட்டும் முன் கடைசியாக மூன்றைப் பாருங்கள். உங்கள் பின்கோடைப் போட்டு, அந்த ஊருக்குப் பொருள் வருமா என்பதோடு திருப்பி எடுக்க ஆள் வருமா என்றும் பாருங்கள். கொண்டுவந்து தரும் எல்லா ஊருக்கும் திரும்ப எடுக்க வருவதில்லை. ‘ரிட்டர்ன்’ என்று இருக்கிறதா, ‘ரீப்ளேஸ்மென்ட்’ மட்டுமா என்று பாருங்கள். இரண்டாவதென்றால் அதே பொருளில் வேறொன்றுதான் வரும், பணம் வராது. விமர்சனத்தில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்கள் எழுதியதை, படத்தோடு, புதியது முதலாகப் படியுங்கள். மிக்ஸிக்குக் கீழே ‘துணி நல்லா இருக்கு’ என்று எழுதியிருந்தால், பழைய பொருளின் நல்ல பெயரில் புதுப் பொருளை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விலை கூடிய பொருள் வந்தால் பெட்டியின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும் தெரிய ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்தபடி திறங்கள். நடுவில் நிறுத்தி எடுத்த வீடியோவைத் தட்டிக்கழிப்பது சுலபம். திறந்து காட்டி ஒப்படைக்கும் முறை என்றால் பொருளைப் பார்த்தபின்தான் ஓடிபி சொல்ல வேண்டும்.

பணம் போனபிறகு

விளையாட்டில் பிள்ளை வாங்கிவிட்டது தெரிந்தால் முதலில் ஏசாதீர்கள். பயந்த பிள்ளை வரலாற்றை அழிக்கும், மணிக்கணக்காக மறைக்கும், அந்த மணிக்கணக்குதான் நமக்கு வேண்டியது. ‘எய்யா, எவ்வளவு போச்சு? சொல்லு, ஏச மாட்டேன்’ என்று கேட்டு, 48 மணி நேரத்துக்குள் ப்ளே ஸ்டோரின் இணையதளத்தில் ஆர்டர் வரலாற்றுக்குப் போய் ரீஃபண்ட் கேளுங்கள். வீட்டார் தெரியாமல் வாங்கியது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் மின்னஞ்சலில் இருக்கும். 48 மணி தாண்டிவிட்டால் விளையாட்டை நடத்துபவரிடம் கேட்க வேண்டும், அது இழுக்கும். ஐபோனில் ஆப்பிளின் ‘ரிப்போர்ட் எ ப்ராப்ளம்’ பக்கம். பணம் திரும்பினால் விளையாட்டில் வாங்கிய பொருள் போய்விடும் என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கு 1930-ஐக் கூப்பிடுவது வீண். அது மோசடிக்கான எண். பாதி விலைக்கு வைரம் தருகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் யாரோ பணம் வாங்கிக்கொண்டு மறைந்தால், போலிக் கடையில் பணம் கட்டிவிட்டால், அப்போது 1930. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். அதனால் அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டால் பலன் குறையும். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

உண்மையான கடை, ஆனால் பொருள் மோசம், பணம் தர மறுக்கிறது என்றால் வேறு பாதை. முதலில் ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ன் மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதிலும் ஆகவில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய புகார், வந்த பதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.